4000 ரூபாயில் வீட்டிலேயே ஃப்ளைட் ஸ்டிக் செய்ய முடியுமா?

கேள்வி கேட்ட தம்பி வியாசர்பாடியில் இருக்கிறார், பாலிடெக்னிக் படிக்கிறார். பழைய லேப்டாப்பில் கீபோர்டை வைத்துக்கொண்டு ஃப்ளைட்கியர் என்ற விமான சிமுலேட்டரை ஓட்டிப் பழகியிருக்கிறார். கடையில் விற்கும் செட்டின் விலை கட்டுப்படியாகவில்லை. 4000 ரூபாய்க்குள் ஸ்டிக் (விமானத்தைச் சாய்க்கும் கைப்பிடி), த்ராட்டில் (இன்ஜின் பலத்துக்கான லீவர்), ரடர் பெடல் (மூக்கை இடம் வலம் திருப்பும் மிதி) மூன்றையும் வீட்டிலேயே செய்ய முடியுமா, 3டி பிரின்டர் கிடையாது, கையில் அர்டுயினோ உனோ என்ற சின்ன கன்ட்ரோலர் போர்டு ஒன்று இருக்கிறது, அதுவே போதுமா, வேறு போர்டு வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறார். பார்த்தால் போர்டைப் பற்றிய கேள்வி. எனக்கென்னவோ அவர் தெரிந்துகொள்ள நினைப்பது வேறு என்று படுகிறது. கையால் செய்த ஒன்றை வைத்து ஓட்டினால் விமானம் சொன்ன பேச்சைக் கேட்குமா, இல்லை எந்நேரமும் மூக்கை ஆட்டிக்கொண்டே இருக்குமா? இதற்கான பதில் போர்டில் இல்லை. கையை எடுத்ததும் ஸ்டிக் ஒவ்வொரு முறையும் அதே இடத்துக்குத் திரும்பி வருகிறதா என்பதில்தான் இருக்கிறது.

நான் மணலிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இன்ஸ்ட்ருமென்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவன். கன்ட்ரோல் வால்வு, பொசிஷனர், டிரான்ஸ்மிட்டர் என்றே காலம் போனது. தண்டையார்பேட்டையில் வீட்டு மாடியில் பொழுதுபோக்காக சிமுலேட்டர் சாமான் செய்ய ஆரம்பித்து, இப்போது தெரிந்த பிள்ளைகளுக்கும் செய்து கொடுக்கிறேன். நிஜ விமானத்தின் காக்பிட்டில் நான் உட்கார்ந்ததில்லை, அதனால் "அசலைப் போலவே இருக்கும்" என்று எதையும் சொல்ல மாட்டேன். சென்சார், ஸ்பிரிங், உராய்வு பற்றி நான் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். கைக்கு எது சுகம் என்று சொல்லும் இடங்களில் மட்டும் அது என் கையின் அபிப்பிராயம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

போர்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். வழக்கமாகக் கிடைக்கும் உனோ ஆர்3-இன் மெயின் சிப்பான ஏடிமெகா 328பி-க்கு நேரடியாக யுஎஸ்பி பேசத் தெரியாது. கம்ப்யூட்டரோடு பேசுவதற்கு அந்த போர்டில் தனியாக இன்னொரு சிப் இருக்கிறது. அதனால் உனோவைச் செருகினால் கம்ப்யூட்டர் அதை ஒரு சீரியல் போர்ட்டாகத்தான் பார்க்கும், ஜாய்ஸ்டிக்காகப் பார்க்காது. ஒரிஜினல் உனோவில் இருக்கும் 16யு2 சிப்புக்குள் வேறு புரோகிராம் ஏற்றி அதை ஏமாற்றுபவர்கள் உண்டு. சிஎச்340 சிப் போட்ட மலிவு உனோவில் அந்த வேலை நடக்காது. எதற்கு இந்த வம்பு? ஏடிமெகா 32யு4 சிப் இருக்கும் ப்ரோ மைக்ரோ ஒன்று வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான். அது தானே யுஎஸ்பி பேசும். ஜாய்ஸ்டிக் லைப்ரரியைப் போட்டால் விண்டோஸும் லினக்ஸும் டிரைவர் கேட்காமலே அதை கேம் கன்ட்ரோலராக ஏற்றுக்கொள்ளும். ஒன்பது அனலாக் பின் வெளியே கிடைக்கும், நமக்கு நான்கு போதும். வாங்கும்போது 5 வோல்ட் போர்டா என்று கேட்டு வாங்குங்கள், 3.3 வோல்ட் போர்டும் பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். வீட்டுக்கு வந்ததும் அதன் யுஎஸ்பி சாக்கெட்டைச் சுற்றி ஹாட் க்ளூ வைத்துவிடுங்கள். அந்த சாக்கெட் கேபிளை நான்கு தடவை இழுத்தால் பிய்ந்து வந்துவிடும் ரகம். கோட் எழுதவே பிடிக்காது என்றால் எஸ்டிஎம்32 ப்ளூ பில் போர்டில் ஃப்ரீஜாய் என்ற ரெடிமேட் புரோகிராமை ஏற்றிக்கொள்ளலாம், எல்லாவற்றையும் திரையில் டிக் போட்டே அமைத்துவிடலாம். கையில் இருக்கும் உனோ வீண் இல்லை. லேண்டிங் கியர் இறங்கியதும் மூன்று பச்சை விளக்கு எரியும் சின்ன பேனல் ஒன்றை அதில் செய்யலாம், ஃப்ளைட்கியர் சீரியல் போர்ட் வழியாக அந்தத் தகவலை அனுப்பும். ஆனால் அது பிறகு.

அடுத்தது சென்சார், கை எவ்வளவு அசைந்தது என்று போர்டுக்குச் சொல்வது. எல்லோரும் முதலில் ஓடுவது 10கே பொட்டென்ஷியோமீட்டருக்குத்தான், சுருக்கமாக பாட், திருகினால் வோல்ட்டேஜ் மாறும் குமிழ். வாங்குவதில் தப்பில்லை, கணக்குத் தெரிந்து வாங்க வேண்டும். சாதாரண பாட் ஒன்று சுமார் 300 டிகிரி சுற்றும். 32யு4 சிப் அந்த முழுச் சுற்றை 1024 படிகளாகப் பார்க்கிறது. உங்கள் ஸ்டிக்கோ இந்தப் பக்கம் 20, அந்தப் பக்கம் 20 என்று மொத்தம் 40 டிகிரிதான் சாயும். அப்படியென்றால் 1024-இல் உங்களுக்குக் கிடைப்பது சுமார் 136 படி. அதிலும் நடுவில் நுணுக்கமாக ஓட்டும்போது பயன்படுவது பத்துப் பதினைந்து படிதான். ஓடுபாதையை நெருங்கும்போது மூக்கு படிப்படியாகத் துள்ளுவது இதனால்தான். "பாட் மட்டம், ஹால் உசத்தி" என்று பலர் சொல்வது பாதி உண்மை (ஹால் என்பது காந்தத்தை உணரும் சென்சார், பின்னால் வரும்). பாட்டை அதன் முழு ஓட்டத்துக்கும் பயன்படுத்தினால் ஒரு குறையும் இல்லை. பாட்டில் பி10கே என்று போட்டிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பி என்றால் நேர்கோடு. ஏ என்று போட்டிருந்தால் அது சவுண்ட் வால்யூமுக்கானது, நடுவில் வைத்தால் பாதி காட்டாது. நம்பிக்கை இல்லையென்றால் மல்டிமீட்டர் வைத்து நடுவில் அளந்து பாருங்கள்.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் எதை முதலில் செய்வது என்பதும் தெரிந்துவிடும். என் யோசனை: த்ராட்டில் முதலில், பெடல் அடுத்தது, ஸ்டிக் கடைசி. ஆசை எல்லாம் ஸ்டிக்கில்தான் இருக்கும், புரிகிறது. ஆனால் த்ராட்டிலுக்கு ஸ்பிரிங் கிடையாது, நடு இடம் கிடையாது, ஒரே ஒரு அச்சு. அதில் கை பழகிக்கொண்டால் ஸ்டிக் செய்யும்போது பொருள் வீணாகாது.

த்ராட்டிலுக்கு என் முதல் சிபாரிசு சுற்றுகிற பாட் இல்லை, சவுண்ட் மிக்ஸரில் இருக்கும் மேலும் கீழும் நகர்த்துகிற ஃபேடர். நம் பக்கம் தெருவுக்கு ஒரு மைக் செட் கடை உண்டு. கழித்துப் போட்ட மிக்ஸர் ஒன்று அங்கே மூலையில் கிடக்கும், கேட்டால் கழற்றிக்கொள்ளச் சொல்வார்கள். 60 மில்லிமீட்டர் ஓடும் ஃபேடர் கிடைத்தால் போதும். லீவரையும் ஃபேடரையும் இணைக்க ஒரு சைக்கிள் ஸ்போக் துண்டு, இரண்டு முனையையும் வளைத்துக்கொள்ளுங்கள். லீவரின் முழு அசைவுக்கு ஃபேடர் முழுசாக ஓடும்படி ஸ்போக்கை மாட்டும் துளையை அச்சுக்கு அருகிலோ தள்ளியோ போடுங்கள். இப்போது 136 இல்லை, கிட்டத்தட்ட 1000 படியும் உங்களுக்கு. ஃபேடர்களில் ஏ ரகம், அதாவது சவுண்ட் டேப்பர், நிறைய வரும், அதனால் மேலே சொன்ன நடு அளவு சோதனை இங்கே கட்டாயம்.

இனி உராய்வு. லீவர் வைத்த இடத்தில் நிற்க வேண்டும், தள்ளினால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டும் வேறு வேறு குணம். குழாயில் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கன்ட்ரோல் வால்வில், கசியாமல் இருக்கத் தண்டைச் சுற்றி ஒரு பேக்கிங் வைப்போம். டெஃப்லான் பேக்கிங் வைத்த வால்வு சிக்னல் கொஞ்சம் மாறினாலும் கூடவே நகரும். அதிக சூட்டுக்காக கிராஃபைட் வைத்த வால்வு பிடித்துக்கொண்டு நிற்கும், சிக்னல் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் திடீரென்று குதிக்கும். ஸ்டிக்ஷன் என்போம். அது இருக்கிற இடத்தில் எப்பேர்ப்பட்ட கன்ட்ரோலரை வைத்தாலும் அழுத்தம் ஏறி இறங்கி ஆடிக்கொண்டேதான் இருக்கும். உங்கள் த்ராட்டிலிலும் இதேதான் நடக்கிறது. ரப்பர் வாஷர் வைத்து இறுக்கினால் லீவர் நிற்கும், ஆனால் 2 சதவீதம் தள்ள நினைத்தால் 6 சதவீதம் போய் நிற்கும். டெஃப்லான் வாஷர் அல்லது நைலான் வாஷரை லீவரின் இரண்டு பக்கமும் வைத்து, வெளியே ஒரு ஸ்பிரிங் வாஷர், அதற்கு மேல் நைலாக் நட். நட்டைக் கால் சுற்று கால் சுற்றாக இறுக்கிக்கொண்டே வந்தால் கைக்குப் பிடித்த இடம் கிடைக்கும். சாதா நட் போட்டால் வாரத்தில் கழன்றுவிடும்.

ஏர்பஸ் ரசிகராக இருந்தால் உங்களுக்கு ஒரு லாபம் இருக்கிறது. போயிங்கில் இன்ஜின் பலத்தைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் ஆட்டோ த்ராட்டில் வேலை செய்யும்போது லீவர்கள் தாமாக நகரும், அதை வீட்டில் செய்ய மோட்டார் வேண்டும். ஏ320-இல் ஆட்டோத்ரஸ்ட் வேலை செய்யும்போது லீவர் நகராது, ஏறும் கட்டத்திலிருந்து இறங்கும் வரை பெரும்பாலும் சிஎல் என்ற பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும். மோட்டார் இல்லாத வீட்டு த்ராட்டில் அந்த விமானத்துக்கு அப்படியே பொருந்துகிறது. ஐடில் (குறைந்தபட்சம்), சிஎல் (ஏறும் அளவு), எஃப்எல்எக்ஸ் (குறைத்த டேக் ஆஃப் அளவு), டோகா (முழு பலம்) என்ற பள்ளங்களுக்கு அலமாரிக் கதவில் போடும் பால் கேட்ச் போதும். லீவரோடு சேர்ந்து சுற்றும் ஒரு பலகையில் அந்த அந்த இடத்தில் சின்னக் குழி போட்டால் டக்கென்று விழும்.

ரடர் பெடலை நீட்டி முழக்க வேண்டாம். நடுவில் ஒரு போல்ட்டில் சுழலும் ஒரு பலகை, இரண்டு முனையிலும் கால் வைக்கும் கட்டை, இரண்டு பக்கமும் இழுக்கும் ஸ்பிரிங். ஆரம்பகால விமானங்களில் இருந்த ரடர் பார் இதுதான். பழைய கேரம் போர்டு ஒன்று கிடைத்தால் அடிப்பலகைக்கு அதைவிட நல்ல சாமான் இல்லை, நம் ஏரியாவில் அதற்கா பஞ்சம்? வலது காலை முன்னே தள்ளினால் மூக்கு வலது பக்கம் போக வேண்டும். சைக்கிள் ஹேண்டில்பாரில் வலது கையை முன்னே தள்ளினால் இடது பக்கம் திரும்பும். இது அதற்கு நேர் எதிர் என்பதால் முதல் நாள் கால் குழம்பும், மென்பொருளில் திசையைத் திருப்பிப் போட்டுவிடாதீர்கள். கீழே ரப்பர் ஷீட் ஒட்டி, பின்பக்கத்தைச் சுவரில் முட்டும்படி வையுங்கள். இல்லாவிட்டால் மிதிக்க மிதிக்க பெடல் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.

ஸ்டிக்குக்கு வருவோம். முன்னும் பின்னும் ஒரு அச்சு, இடமும் வலமும் ஒரு அச்சு, ஒன்றுக்குள் ஒன்று. 3டி பிரின்டர் இல்லையே என்று கவலைப்பட வேண்டாம், இந்த இடத்தில் பிரின்ட் பண்ணிய பிளாஸ்டிக்கை விட பேரிங்கும் ப்ளைவுட்டும் மேல் என்பது என் கட்சி. 608 என்று கேட்டு பேரிங் வாங்குங்கள். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, தடிமன் 7. ஸ்கேட்டிங் சக்கரத்தில் வருவது, விலையும் கம்மி. 8 மில்லிமீட்டர் போல்ட் அப்படியே அச்சாகிவிடும். 12 மில்லிமீட்டர் ப்ளைவுட்டில் 22-க்குத் துளை போட வேண்டும். ஹோல் சா வைத்துப் போட்டால் துளை கொஞ்சம் பெரிதாகிவிடும், கூல்டிரிங்க்ஸ் டின் தகட்டில் ஒரு பட்டை வெட்டிச் சுற்றி அழுத்திவிட்டால் பேரிங் கல்லு மாதிரி நிற்கும். மரவேலை எனக்கு அவ்வளவாக வராது, நான் வண்ணாரப்பேட்டையில் ஒரு ஆசாரியிடம் கொடுத்து வெட்டிக்கொள்கிறேன். உங்களுக்குப் பெரம்பூர் பக்கத்திலேயே லேத் பட்டறைகள் இருக்கின்றன. படம் வரைந்து அளவு போட்டுக் கொண்டுபோங்கள், வாயால் சொன்னால் வேறு ஏதாவது வரும்.

ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு பேரிங், அவற்றுக்கு நடுவே எவ்வளவு தூரம் வைக்க முடியுமோ அவ்வளவு. இதைப் பலரும் கவனிப்பதில்லை. பேரிங் உட்காரும் இடத்தில் 0.1 மில்லிமீட்டர் ப்ளே, அதாவது தளர்ச்சி, இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேரிங்குக்கும் இடையே 20 மில்லிமீட்டர் என்றால், 150 மில்லிமீட்டர் உயர ஸ்டிக்கின் உச்சியில் அது முக்கால் மில்லிமீட்டர் ஆட்டமாகத் தெரியும். அதே பேரிங்கை 60 மில்லிமீட்டர் தள்ளி வைத்தால் கால் மில்லிமீட்டர். காசு ஒரு பைசா கூடவில்லை.

இங்கே பாட் வேண்டாம், 49இ என்ற ஹால் சென்சார் போடுங்கள். மூன்று கால், 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். காந்தம் அருகில் இல்லாதபோது 2.5 வோல்ட் காட்டும், காந்தப் புலம் ஒரு பக்கம் கூடினால் ஏறும், மறுபக்கம் கூடினால் இறங்கும். தேய்வதற்கு எதுவும் கிடையாது. யு வடிவத் தகடு ஒன்றின் இரண்டு கைகளிலும் நியோடிமியம் காந்தம் ஒட்டுங்கள், ஒன்றை ஒன்று இழுக்கும் முகங்கள் எதிரெதிரே இருக்க வேண்டும். தகடு அச்சோடு சேர்ந்து சுற்ற வேண்டும். நடுவில், சரியாக அச்சுக் கோட்டில், அசையாமல் சென்சார். ஸ்டிக் நடுவில் இருக்கும்போது சென்சாரின் தட்டையான முகம் காந்தக் கோட்டுக்கு இணையாக, அதாவது எந்தக் காந்தத்தையும் பார்க்காமல் இருக்க வேண்டும். இந்த அமைப்பில் வோல்ட்டேஜ் கோணத்தின் சைன் கணக்கில் மாறும். 20 டிகிரி வரை சைனுக்கும் நேர்கோட்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 2 சதவீதம், கைக்குத் தெரியாது.

திருகு போட்டு மூடும் முன் மல்டிமீட்டரைச் சிக்னலில் வைத்து ஸ்டிக்கைச் சாய்த்துப் பாருங்கள். நடுவில் 2.5, ஒரு கோடியில் சுமார் 3.5, மறு கோடியில் 1.5 வந்தால் நல்லது, சுமார் 400 படி கிடைக்கும். 2.3-க்கும் 2.7-க்கும் நடுவிலேயே ஆடுகிறது என்றால் காந்தம் பலமில்லை அல்லது தள்ளி இருக்கிறது, படி நூறுக்குள் போய்விடும், பாட்டே தேவலை. ஒரு கோடிக்குப் போவதற்கு முன்பே வோல்ட்டேஜ் மாறாமல் நின்றுவிட்டால் காந்தம் மிக அருகில். இதை விட நுணுக்கம் வேண்டுமென்றால் ஏடிஎஸ்1115 என்ற 16 பிட் போர்டை நடுவில் சேர்க்கலாம். முதல் ஸ்டிக்குக்குத் தேவையில்லை என்பேன். ஒரு இலவச யோசனை: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் ரிப்பேர் செய்யும் இடத்தில் கழித்துப் போட்ட ஆக்சிலரேட்டர் கைப்பிடி கிடைத்தால் வாங்கிப் பிரித்துப் பாருங்கள். உள்ளே இதே வகை ஹால் சென்சாரும் ஒரு வளைந்த காந்தமும், திரும்பி வர ஒரு ஸ்பிரிங்கும் இருக்கும். மூன்று ஒயரும் நேராக உங்கள் போர்டுக்கு வந்துவிடும்.

ஸ்பிரிங்கில் இரண்டு வழி. ஒன்று, எதிரெதிராக இழுக்கும் இரண்டு ஸ்பிரிங். செய்வது சுலபம், நடுவைக் கடக்கும்போது கைக்கு எந்தத் தட்டும் தெரியாது. ஆனால் நடுவுக்கு அருகில் ஸ்பிரிங்கின் இழுப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், அந்த இடத்தில் உராய்வு ஜெயித்துவிடும், ஸ்டிக் நடுவுக்கு வராமல் பக்கத்திலேயே நின்றுவிடும். எவ்வளவு தள்ளி நிற்கும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: உராய்வை ஸ்பிரிங்கின் கடினத்தால் வகுத்தால் போதும். ஸ்டிக் உச்சியில் உராய்வு 50 கிராம், ஸ்பிரிங் மில்லிமீட்டருக்கு 20 கிராம் என்றால் இந்தப் பக்கம் இரண்டரை, அந்தப் பக்கம் இரண்டரை மில்லிமீட்டர் வரை எங்கே வேண்டுமானாலும் நிற்கும். இன்னொரு வழி, கத்தரிக்கோல் மாதிரி இரண்டு கைகள் ஒரு முளையை இரண்டு பக்கமும் முன்கூட்டியே கவ்வியிருப்பது. கையை விட்டால் கரெக்டாக நடுவுக்கு வந்து நிற்கும். ஆனால் நடுவிலிருந்து கிளப்பவே ஒரு அழுத்தம் வேண்டும், சின்னச் சின்னத் திருத்தம் செய்யும்போது அது கையை உதைக்கும். எது நல்லது என்பதில் ஆளுக்கு ஒரு கட்சி. ஹெலிகாப்டர் ஓட்டுகிறவர்களில் பலர் ஸ்பிரிங்கையே கழற்றிவிடுகிறார்கள். பேரிங் போட்டு உராய்வைக் குறைத்துவிட்டால் முதல் வழியே போதும் என்பது என் அனுபவம். டூ வீலர் ஸ்பேர்ஸ் கடையில் பிரேக் பெடல் ரிட்டர்ன் ஸ்பிரிங் நீளம் நீளமாகக் கிடைக்கும், நான்கு ரகம் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள். சென்டர் ஸ்டாண்ட் ஸ்பிரிங் வேண்டாம், மேசையே தூக்கிக்கொண்டு வரும்.

இப்போது முக்கியமான விஷயம். வால்வை சர்வீஸ் செய்து முடித்ததும் நாங்கள் அதை ஐந்து இடத்தில் சோதிப்போம்: 0, 25, 50, 75, 100 சதவீதம். ஏற்றிக்கொண்டே போகும்போது ஒரு ரீடிங், இறக்கிக்கொண்டே வரும்போது ஒரு ரீடிங். ஒரே இடத்தில் இரண்டு ரீடிங்கும் ஒத்துப்போக வேண்டும். வித்தியாசம் இருந்தால் எங்கேயோ ப்ளே அல்லது பிடிப்பு. உங்கள் ஸ்டிக்கையும் இப்படியே சோதியுங்கள். கால்குலேட்டர் வேலை எதுவும் வேண்டாம். அர்டுயினோ சீரியல் மானிட்டரில் 0 முதல் 1023 வரை வரும் நேரடி எண்ணைப் பாருங்கள். தொடாமல் இருக்கும்போது எண் ஒன்றிரண்டுக்கு மேல் ஆடக் கூடாது. பிறகு முழுக்க இடது பக்கம் சாய்த்து மெதுவாக விடுங்கள், நின்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். முழுக்க வலது பக்கம் சாய்த்து மெதுவாக விடுங்கள், குறித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் நடுவில் நாலைந்து எண் வித்தியாசம் என்றால் அருமையான ஸ்டிக். முப்பது நாற்பது என்றால் 16 பிட் சென்சார் வைத்தாலும் அது ஓட்டுவதற்கு லாயக்கில்லை, பேரிங்கைப் பாருங்கள், ஒயர் எங்கேயாவது இழுக்கிறதா என்று பாருங்கள். ஒயர்தான் பாதி நேரம் திருடன்: தடிமனான ஒயரை இறுக்கமாகக் கட்டியிருப்போம், அதுவே ஒரு ஸ்பிரிங் ஆகி ஸ்டிக்கை ஒரு பக்கம் தள்ளும்.

இந்த வித்தியாசத்தை மென்பொருளில் டெட் ஸோன், அதாவது நடுவில் அசைவைக் கண்டுகொள்ளாத ஒரு இடம், வைத்து மறைக்கலாம் என்று நிறைய பேர் சொல்வார்கள். மறையும், உண்மைதான். ஆனால் இறங்கும்போது உங்களுக்குத் தேவைப்படுவது அந்த நடு இடத்தின் சின்ன அசைவுதான், அதையே வெட்டி எறிந்துவிட்டு மீதியை வைத்து ஓட்டுவதில் என்ன இருக்கிறது? சராசரி எடுத்து எண்ணை மென்மையாக்குவதும் அப்படித்தான். நான்கு ரீடிங்கின் சராசரி நல்லது, நாற்பது எடுத்தால் கைக்கும் விமானத்துக்கும் நடுவில் தாமதம் வந்துவிடும். தாமதம் வந்தால் நீங்கள் தேவைக்கு மேல் திருத்துவீர்கள், அப்புறம் அதை எதிர்ப்பக்கம் திருத்துவீர்கள்.

மேசை ஸ்டிக்கில் எவ்வளவு நன்றாகச் செய்தாலும் வராத ஒன்று இருக்கிறது. செஸ்னா 172 மாதிரியான சின்ன விமானத்தில் ட்ரிம் சக்கரத்தைச் சுற்றினால் கையில் அழுத்தமே இல்லாமல் நிற்கும் இடம் மாறிவிடும், பைலட் கையை எடுத்துவிடலாம். நம் ஸ்பிரிங்குக்கு நடு ஒன்றே ஒன்றுதான். அதனால் ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டே ட்ரிம்மைச் சுற்றி, சுற்றச் சுற்ற கையைத் தளர்த்திக்கொண்டு வர வேண்டும். இதைக் கீபோர்டில் செய்வது நரகம். சுற்றச் சுற்ற எண்ணிக்கொண்டே போகும் ரோட்டரி என்கோடர் என்ற குமிழின் மேல் பெரிய சக்கரமாக மாட்டி ட்ரிம்முக்கு வைத்துக்கொள்ளுங்கள். காசுக்கு இதைவிடப் பிரயோஜனமான சாமான் மொத்த செட்டிலும் கிடையாது, கலர் கலராகப் பட்டன் வைப்பதை விட எவ்வளவோ மேல். மோட்டார் வைத்து, அதுவே கைக்கு எதிர் அழுத்தம் கொடுக்கும் ஃபோர்ஸ் ஃபீட்பேக் செய்தால் இந்தக் குறை தீரும். அந்த பட்ஜெட் வேறு, யுஎஸ்பி போர்ட் கொடுக்கும் கரன்ட்டில் அது ஓடாது, கையை நசுக்கும் பலமும் அதற்கு உண்டு. இப்போதைக்கு வேண்டாம்.

வீட்டுக் கரன்ட்டையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். எண்கள் காரணமில்லாமல் துள்ளினால் லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். துள்ளல் நின்றுவிட்டால் சென்சார் மேல் குற்றமில்லை. பழைய வீடுகளில் எர்த் சரியாக இருக்காது, இரண்டு பின் சார்ஜர் வழியாகக் கசியும் சின்ன மின்சாரம் மெட்டல் பாடியைத் தொட்டால் சுருசுருவென்று தெரியும், அது உங்கள் சிக்னலிலும் ஏறும். சென்சாரிலிருந்து போர்டுக்கு மைக் ஒயர் மாதிரி ஷீல்டு போட்ட ஒயர் இழுத்து, ஷீல்டை போர்டுப் பக்கம் மட்டும் கிரவுண்டில் சேருங்கள். போர்டின் அனலாக் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவில் ஒரு 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் வையுங்கள்.

இன்னொன்று உப்புக் காற்று. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, ஜன்னல் கொக்கியே கையோடு வரும். சாதா இரும்பு ஸ்பிரிங் துருப்பிடித்தால் கொக்கி மாட்டும் இடத்தில் கரகரவென்று உராயும், நீங்கள் பாடுபட்டுக் குறைத்த உராய்வு திரும்ப வந்துவிடும். போல்ட்டும் ஸ்பிரிங்கும் எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கிடைத்தால் நல்லது. காசிமேட்டில் படகுக்குச் சாமான் விற்கும் கடைகளில் எஸ்எஸ் போல்ட் கேட்டுப் பாருங்கள். மூடாத ஃபேடருக்குள் தூசி போகும், லீவர் நகரும் பிளவுக்கு இரண்டு பக்கமும் ஷூ பிரஷ் மயிரை வெட்டி ஒட்டினால் பெரும்பாலும் தடுத்துவிடும்.

காசுக்கு வருவோம். எலெக்ட்ரானிக்ஸ் எல்லாம் ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம்: போர்டு, ஹால் சென்சார் (உடையும், கூடுதலாக இரண்டு வாங்குங்கள்), காந்தம், என்கோடர், ஒயர். அதற்கு 1500 ரூபாய்க்கு மேல் ஆகாது. பேரிங்கும் போல்ட்டும் பாரிமுனையில். ப்ளைவுட் வெட்டுக் கூலியும் லேத் கூலியும்தான் கையை மீறும், அதற்கு 1500 ஒதுக்கி வையுங்கள். மீதி ஆயிரம் ஸ்பிரிங், வாஷர், க்ளாம்ப் என்று கரைந்துவிடும். மல்டிமீட்டரும் சால்டரிங் அயர்னும் உங்கள் காலேஜ் லேப்பில் இருக்கும் என்று நினைத்துச் சொல்கிறேன். அவற்றையும் வாங்க வேண்டுமென்றால் 4000-இல் மூன்றும் முடியாது, பெடலை அடுத்த மாதத்துக்குத் தள்ளுங்கள். இந்த செட்டில் ஓட்டும் மணிக்கணக்கை எந்த ஃப்ளையிங் ஸ்கூலும் உங்கள் லாக்புக்கில் ஏற்றாது, அங்கீகாரம் பெற்ற சிமுலேட்டர் மட்டும்தான் கணக்கில் வரும். சிலர் அந்த எண்ணத்தில் கேட்பதால் சொல்லி வைக்கிறேன்.

செய்து முடித்தபின் ஏதாவது இழுத்தால் போட்டோ மட்டும் போட்டுக் கேட்காதீர்கள் தம்பி, போட்டோவில் உராய்வு தெரியாது. ஐந்து இடத்து ரீடிங்கை ஏற்றியும் இறக்கியும் எழுதி, சார்ஜர் போட்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை என்று சேர்த்துப் போடுங்கள். பார்த்துச் சொல்கிறேன்.